அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

என் மனைவி வாய்க்கால் பாலத்தில் வழுக்கி விழுந்தாள்; அதனால் நான் அமெரிக்க அரசியலில் இறங்கினேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுடைய அண்ணன் இன்றைக்கும் கேட்கிறார். சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரளப் பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையை முட்டிக்கொண்டு கிடக்கிறது. பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் வர ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பாலம் என்று சொல்வது பேச்சுக்குத்தான். இரண்டு கான்கிரீட் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அவ்வளவே. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மழைக்காலத்தில் பாசி, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். ஒரு சாயங்காலம், சந்தைப் பையோடு வந்த என் மனைவி சறுக்கி, பலகை விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டாள். தக்காளிகள் வாய்க்காலோடு மேற்கே போயின. அவள் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்தேன். எறும்பு மையில் விழுந்து தப்பித்து ஓடியதுபோல் இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரே பார்வையில் படித்து மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. மூன்றாவது முயற்சியிலாவது பி.காம். முடித்தவன் நான். அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்து, மோசமான கையெழுத்தைப் படிப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் கைப்பேசியில் கேட்டேன்.

கைப்பேசி என்னை நேராக அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு நூலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அரசியல்வாதியின் கடிதங்களும் சொற்பொழிவுகளும் பெட்டி பெட்டியாக அவர்களிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தர உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம், சம்பளம் கிடையாது என்று எழுதியிருந்தது. சம்பளம் இல்லாத வேலை என்றால் என் தகுதியை யாரும் கேட்க மாட்டார்கள் என்று உடனே சேர்ந்துவிட்டேன்.

அந்த மனிதரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ஜனாதிபதி ஆகாதவர், ஆக வேண்டும் என்று இருபது வருஷம் ஆசைப்பட்டவர். படத்தில் தாடி மட்டும் ஜனாதிபதிக்கு உரியதாக இருந்தது.

எனக்கு மாட்டுத்தீவனக் கடை. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை மாடுகளும் தூங்கும், மாட்டுக்காரர்களும் தூங்குவார்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்து, தவிட்டு மூட்டை மேல் மகளின் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வாசலில் வாளையார் சிமெண்ட் லாரி போகிறதா குதிரை வண்டி போகிறதா என்பதே மறந்துவிடும். முதல் ஒரு மாதம் அந்த மனிதர் என்ன எழுதினார் என்பதைவிட அவருக்கு யார் யார் எழுதினார்கள் என்பதுதான் சுவாரசியமாக இருந்தது. தபால் ஆபீஸ் வேலை கேட்டு நாற்பது பேர். அதே ஊரில் அதே வேலையை அந்த நாற்பது பேருக்கும் கொடுக்கக் கூடாது என்று நாற்பத்தொன்றாவது ஆள். காகிதத்தை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தையே குறுக்காகத் திருப்பி, அதன் மேலேயே மீண்டும் எழுதிய ஒரு பெண்மணி. அவருடைய கடிதத்தைப் படிக்கக் கழுத்தைத் தோளோடு சாய்க்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் எனக்குக் கழுத்துப் பிடிப்பு. அதற்கு டாக்டரிடம் போனால் இன்னொரு சீட்டு எழுதுவார் என்று போகவில்லை.

அங்கே அந்தக் காலத்தில் மக்கள் பிரதிநிதிகள் தங்கள் தொகுதிக்காரர்களுக்கு விதைப் பொட்டலம் இலவசமாக அனுப்புவார்களாம். ஆகவே பாதிக் கடிதங்கள் விதை கேட்டுத்தான். முட்டைக்கோஸ் அனுப்பு, முள்ளங்கி அனுப்பு, போன தடவை அனுப்பியது முளைக்கவில்லை. ஒருவர் பருத்திக்கொட்டை கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தார். அன்றைக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பதினாறு மூட்டை பருத்திக்கொட்டை இருந்தது. அவருக்கு விதை போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று தேடினேன். இன்றுவரை தெரியவில்லை.

அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம். இருப்பதை இருக்கிறபடி தட்ட வேண்டும். எழுத்துப் பிழையா, பிழையோடு தட்டு. அடித்துவிட்ட வார்த்தையா, அதையும் தட்டி அடித்திருக்கிறது என்று போடு. விடாதே, சேர்க்காதே, திருத்தாதே. எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துவிட்டது. பிடித்தால் சும்மா இருப்பேனா. சாப்பாட்டில், தொழுகைக்குப் போகும் வழியில், உறங்கப் போகும் முன் என்று வீட்டில் எல்லோருக்கும் போதித்தேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அதில் உள்ள பிழைகளோடு உரக்கப் படித்துக் காட்டுவேன். இருக்கிறதை இருக்கிறபடி என்பேன். என் மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சொற்பொழிவுகள் இருந்த பெட்டிக்கு வந்தபோதுதான் அந்தப் புதிர் மாட்டியது. அவர் தம் கையாலேயே எழுதிய ஒரு மேடைப் பேச்சு. வரியின் நடுவே அடைப்புக்குறி போட்டு, சிரிப்பு என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில்தான். கொஞ்சம் தள்ளி, கரகோஷம். இன்னும் தள்ளி, ஒரு குரல்: அதுதானே. அதற்குப் பிறகு, நீண்ட கரகோஷம். எல்லாம் ஒரே மை, ஒரே பேனா, ஒரே கை.

எனக்கு அன்று மத்தியானம் புண்ணாக்கு வாங்க வந்தவர் இரண்டு முறை இருமிய பிறகுதான் காதில் விழுந்தது. பேச்சுக்குப் பிறகு பத்திரிகைக்காரன் போட்டால் சரி. பேசியவரே எப்படி எழுதினார்? கூட்டம் சிரிக்கும் என்று முன்னாலேயே தெரியுமா? சிரிக்காவிட்டால்? அந்த ஒரு குரல் யாருடையது, முன்கூட்டியே ஏற்பாடு செய்த ஆளா? ஓரிடத்தில் பிழைக்க வந்த ஏழைகளைப் பற்றி ஒரு நக்கல். அங்கும் சிரிப்பு என்று இருந்தது. தட்டினேன். நான் சிரிக்கவில்லை.

அந்த நூலகத்தின் தளத்தில் எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. அங்கே என் சந்தேகத்தைப் போட்டேன். எழுதியது முன்னாலேதான் என்றேன். அமெரிக்காவின் வடக்கு மூலையில், பனி கொட்டும் ஓர் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் மறுத்தார். பத்திரிகையில் அச்சான பிறகு அதைப் பார்த்து அந்த மனிதர் தம் சேமிப்புக்காகப் படி எடுத்து வைத்திருப்பார் என்பது அவர் கட்சி. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. ஒரு மாதம் மல்லுக்கட்டிய பிறகு அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: சான்று? என்னிடம் பருத்திக்கொட்டைதான் இருந்தது.

இந்தச் சமயத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஒரு நாள் இட்லிக்குச் சட்னியை ஊற்றிக்கொண்டே, தான் நிற்கப் போவதாக என் மனைவி சொன்னாள். எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பாலத்துக்குக் கம்பி போடறதுக்கு."

அதற்கு ஏன் மெம்பர் ஆக வேண்டும், மனு கொடுத்தால் போதாதா என்றேன். நாலு மனு கொடுத்தாயிற்று, நாலும் எங்கேயோ பத்திரமாக இருக்கும், நூத்தம்பது வருஷம் கழித்து உங்களை மாதிரி யாராவது உட்கார்ந்து தட்டுவார்கள் என்றாள்.  அவள் விழுந்த பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் விழுந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மாசமாக இருந்தவள். அடுத்த மழைக்கு முன்னால் கம்பி வந்தாக வேண்டும் என்பதுதான் என் மனைவியின் மொத்தத் தேர்தல் அறிக்கை.

எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக நின்றாள். சின்னம் அலமாரி கிடைத்தது. அதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் அலமாரி என்றால் சுவரில் கதவு போட்ட மாடம். இரும்பில் நிற்பது பீரோ. மலையாளத்தில் இரண்டும் அலமாரதான். அவளுடைய அண்ணனுக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. அவரை நான் மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். யார் யாரை அழைக்கிறார்கள் என்று வெளியாளுக்குப் புரியாது. குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று அவர் எங்கள் வீட்டு பீரோவையே தூக்கி வண்டியில் நிறுத்திக் கயிறு கட்டிவிட்டார். நான் கடையில் இருந்தேன். என் சட்டைகள் பீரோவுக்குள் இருந்தன. பத்து நாள் அந்த வார்டு முழுக்க என் சட்டைகள் ஓட்டுக் கேட்டன. நான் இரண்டு சட்டையோடு கடை நடத்தினேன். பீரோக் கண்ணாடியில் வெயில் பட்டு எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசியது. அலமாரி, அதாவது பீரோ என்று மச்சான் மைக்கில் சொல்லிக்கொண்டே போவார்.

எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவர். தமிழிலும் மலையாளத்திலும் குறிப்பே இல்லாமல் அரை மணி நேரம் பேசுவார். என் மனைவிக்கு நாலு பேர் சேர்ந்து நின்றாலே வாய் உலர்ந்துவிடும். ஆகவே பேச்சை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். யாரும் கொடுக்கவில்லை, நானே ஏற்றேன். ஓர் அமெரிக்கத் தலைவரின் அறுபது சொற்பொழிவுகளைத் தட்டிய கை இது, சும்மா விடுமா.

மூன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். அந்த மனிதர் எப்படி ஆரம்பிப்பாரோ அப்படி ஆரம்பித்தேன். எங்கே குரலை உயர்த்துவாரோ அங்கே உயர்த்தினேன். என்னை அறியாமலா, அறிந்தா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, அவர் போடும் அடைப்புக்குறிகளையும் அந்தந்த இடத்தில் போட்டுவிட்டேன். எழுதும்போது கூட்டம் சிரிப்பது என் காதில் கேட்டது. பக்கத்தில் தவிட்டு மூட்டைகள்தான் இருந்தன.

மூன்று சாலை கூடும் இடத்தில், டீக்கடைக்கு எதிரே முதல் கூட்டம். அதை இங்கே மலையாளத்தில் கவலயோகம் என்பார்கள். கவல என்றால் அவர்களுக்குச் சாலைச் சந்தி. நமக்கு அது வேறு. அன்றைக்கு அது தமிழில்தான் நடந்தது.

மச்சான் மைக்கைக் கொடுத்தார். காற்று மைக்கில் புஸ் புஸ் என்றது. என் மனைவி காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தவே இல்லை. படிக்க ஆரம்பித்தாள்.

"நம் வாய்க்காலைக் கடக்கும் இது பாலமா, பலகையா? சிரிப்பு."

யாரும் சிரிக்கவில்லை. நான் சட்டைப் பொத்தானைத் திருகினேன். அவள் நிற்காமல் போனாள்.

"இந்தக் கொடுமையை இனியும் பொறுக்க முடியுமா? ஒரு குரல், முடியாது. கரகோஷம். தாய்மார்களே, நீங்கள் பையைப் பிடிப்பீர்களா, பாலத்தைப் பிடிப்பீர்களா? பலத்த சிரிப்பு. ஒரு குரல், அதுதானே."

இரண்டாவது ஒரு குரலில்தான் கூட்டத்துக்கு விஷயம் பிடிபட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் அதுதானே என்று எடுத்துக் கொடுத்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அவள் கரகோஷம் என்றால் கைதட்டினார்கள். சிரிப்பு என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவிக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. வேகம் வேகமாகக் கடைசி வரிக்கு ஓடினாள். "நீண்ட கரகோஷம், கூட்டம் எழுந்து நிற்கிறது" என்று முடித்தாள். உட்கார்ந்திருந்த நாலு பேரும் எழுந்து நின்றார்கள். அமெரிக்காவில்கூட இவ்வளவு கீழ்ப்படிந்த கூட்டம் அந்த மனிதருக்குக் கிடைத்திருக்காது.

வண்டி ஏறும்போது ஒரு பெரியவர் என்னிடம் வந்து மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏனுங்க, அந்த ஒரு குரல்ங்கறவரு யாருங்க? நம்ம வார்டுங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் முழங்காலுக்குத் தைலத்தை எடுத்தாள், தேய்க்காமல் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் வாயைத் திறந்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் யாராவது வாசிப்பார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கறத இருக்கறபடிதானே படிக்கோணும்? விடாத, சேக்காத, திருத்தாதன்னு ஆறு மாசமா நீங்கதானுங்க சொல்லிட்டு இருந்தீங்க?"

 உலகத்திலேயே என் பேச்சை எழுத்து விடாமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் தப்பான நாளில்.

மறுநாள் ஊரே ஒரு குரலாகிவிட்டது. தவிடு வாங்க வந்தவர், ரெண்டு மூட்டை தவிடு, ஒரு கரகோஷம் என்றார். மீன் விற்க வந்த வண்டிக்காரர் எங்கள் வாசலில் நின்று மத்தி என்று கூவிவிட்டு, பலத்த சிரிப்பு என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு விளையாட்டாகக்கூட இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. இனி மைக்கைத் தொடமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்பி போச்சு மச்சான், சிரிச்சவன் எவனும் ஓட்டுப் போடமாட்டான் என்றார். அமெரிக்காவிடம் சொல்லிவைங்க, அடுத்த மழைக்கு யார் விழுந்தாலும் அவங்கதான் பொறுப்பு என்றார். நான் கடைக்குப் போய் மடிக்கணினியை மூடிப் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் அவள் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது, அவள் அடுப்பங்கரை மேடையில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். மகளின் பழைய நோட்டில் கிழித்த தாள். நான் எட்டிப் பார்த்தேன். கையால் மூடிக்கொண்டாள்.

"நாளைக்குக் கடைசிக் கூட்டம். நான் பேசறேன். நீங்க டீக்கடைக்கு அக்கட்டயே நில்லுங்க. பக்கத்துல வரவேண்டாம்."

நின்றேன். டீக்கடைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் தற்செயலாக டீச்சர். அவருடைய கூட்டம் அதே சந்தியில் அடுத்து நடக்க இருந்தது, சீக்கிரமே வந்துவிட்டார். முதல் கூட்டத்துக்கு வந்ததைப்போல் மூன்று மடங்கு கூட்டம். எல்லோரும் சிரிக்கத் தயாராக வந்திருந்தார்கள். காகிதம் அவள் கையில் மடிந்து இருந்தது. பிரித்து ஒரு முறை பார்த்தாள்.

"போன தடவ என்ன பேசுனேன்னு உங்களுக்கெல்லாம் மனப்பாடமா இருக்கும். அது எங்கூட்டுக்காரர் எழுதிக் குடுத்ததுங்க. அவருக்கு அமெரிக்காக்காரரோட சகவாசம். நூத்தம்பது வருசத்துக்கு முந்திச் செத்துப் போனவரோட கையெழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சிருவாரு. எம்பட முழங்காலுக்கு எழுதுன மருந்துச் சீட்ட மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியாது."

சிரிப்பு வந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே வந்தது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதைவிட எனக்கு ஆச்சரியம், அவள் நின்றாள். அடுத்த வரிக்கு ஓடவில்லை. மைக்கைச் சற்று விலக்கி, அந்தச் சிரிப்பு முழுக்க ஓய்கிறவரை சும்மா நின்றாள். பிறகு தான் விழுந்ததைச் சொன்னாள். தனக்குப் பிறகு விழுந்த இருவரையும் சொன்னாள். தக்காளி போனதையும் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் புடிச்சு நடக்க ஒரு கம்பி. நான் செயிச்சா நான் போடறேன். டீச்சர் செயிச்சா டீச்சர் போடட்டும். ஆரு போட்டாலும் செரி. மழைக்கு முந்திப் போடோணும்."

அவ்வளவுதான். மைக்கை அண்ணனிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். எதிராளி பெயரைத் தன் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாளே என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் தேநீர் கிளாஸைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார்.

தோற்றுவிட்டாள். அதிகமில்லை, ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு உட்காருகிறவர்கள் அளவு வித்தியாசம். அந்த ஒரு குரல் கட்சி மாறாமல் போட்டிருந்தால் செயிச்சிருக்கலாம் என்று யாரோ சொன்னதாக மச்சான் வந்து சொன்னார். பீரோ வீட்டுக்கு வந்தது. சட்டைகளில் பத்து நாள் வார்டுப் புழுதி.

அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். லட்டு டப்பா கொண்டுவந்திருந்தார். என் மனைவி தேநீர் போடப் போனாள், நான் நாற்காலி துடைத்தேன். பஞ்சாயத்தின் முதல் கூட்டத்தில் கம்பிக்குத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, அவளிடம் கேட்டார்.

"நீ அன்னிக்குப் பேசுன காகிதம் இருக்காம்மா? எனக்கு அரை மணி நேரம் பேச வரும். சுருக்கமாப் பேச வராது."

என் மனைவி பீரோவைத் திறந்து, இரண்டாவது தட்டில், புடவைகளுக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் மேசை மேல் விரித்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தத் தாளை நான் முதல் முறையாகப் பார்த்தேன். ஆறாவது வரி. மருந்துச் சீட்ட மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியாது. அதற்குப் பக்கத்தில், சின்னதாக, அதே நீலப் பேனாவில்: (சிரிப்பு).

டீச்சர் போகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் தாண்டியதும் தாளை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். இதை எப்போது எழுதினாய், பேசும் முன்னா, பேசிய பிறகா என்று கேட்டேன்.  என்னவோ ஏதோ என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

முன்னாலேதான் என்றாள். அவர்கள் சிரிப்பார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"தெரியாதுங்க. நானு பேச ஆரம்பிச்சா மூச்சு விடாம ஓடிப் போயிருவேன். மொதக் கூட்டத்துல அப்படித்தான் ஓடுனேன். அந்த எடத்துல நின்னு ஒரு மூச்சு விட்டுக்கோணும்னு எனக்கு நானே எழுதி வெச்சுக்கிட்டது. சிரிக்கறதும் சிரிக்காததும் அவிங்க பாடு."

நான் கடைக்குப் போய்ப் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து மடிக்கணினியை எடுத்துத் தூசி தட்டினேன். அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வோர் அடைப்புக்குறிக்கும் அடுத்து வரும் வார்த்தை மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது. பேனாவை மையில் தோய்த்திருக்கிறார். எழுதும்போதே நின்றிருக்கிறார் என்று தோன்றியது. அவ்வளவு பெரிய தாடிக்குள் ஒரு பயந்த வாய் இருந்திருக்கலாம். அல்லது மை தீர்ந்துபோயிருக்கலாம். எனக்குப் பிடித்த சான்று என்பதற்காக நான் இருப்பதற்கு மேலே எதையும் சேர்க்கக் கூடாது. சட்டம் சட்டம்தான்.

மழைக்கு இரண்டு வாரம் முன்பு பாலத்துக்குக் கம்பி வந்தது. மஞ்சள் பெயிண்ட். விழா எதுவும் வைக்கவில்லை. டீச்சர் வந்து ஒரு வரி பேசிவிட்டுப் போனார். என் மனைவி சந்தைப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு நடந்தாள். பெயிண்ட் காயவில்லை. அவள் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது.

அன்று மத்தியானம் அமெரிக்காவின் வடக்கு மூலையிலுள்ள அம்மையாருக்கு எழுதினேன். சான்று கேட்டிருந்தீர்கள். அடைப்புக்குறி முன்கூட்டியே எழுதப்படுவது உண்டு; கூட்டத்துக்காக அல்ல, பேசுகிறவர் மூச்சு விடுவதற்காக. மூல ஆவணத்தை நானே பார்த்தேன், எழுதியவரையும் விசாரித்தேன் என்று விவரமாக எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. மிகவும் சுவாரசியம் என்றும், அந்த ஆவணம் எந்த நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது என்றும் கேட்டிருந்தார்.

அலமாரி, அதாவது பீரோ, இரண்டாவது தட்டு, புடவைகளுக்கு அடியில் என்று எழுதினேன். ஆய்வாளர்கள் பார்க்க அனுமதி உண்டா என்று திரும்பக் கேட்டார். அதை அடுப்பங்கரையில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு, மாட்டுக்காரர் ஒருவர் இருமியதால் எழுந்து பருத்திக்கொட்டை அளக்கப் போனேன்.